கால்வாயை அடைத்த கப்பல்!

எங்கோ ஒரு கப்பல் மணலில் சிக்கினால் நமக்கு என்ன? விலைவாசியைக் கேளுங்கள், சொல்லும்!

எகிப்து நாட்டில் இருப்பது சூயஸ் கால்வாய். 1869-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஆசியாவில் இருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல்கள் செல்லும் குறுக்கு வழி இதுதான். இல்லாவிட்டால் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

2021 மார்ச் 23-ந் தேதி பலத்த காற்று வீசியது. "எவர் கிவன்" என்ற சரக்குக் கப்பல் கால்வாயின் குறுக்கே திரும்பிக் கரையில் சிக்கியது. கப்பலின் நீளம் கால் மைல்! பாதை அடைபட்டது. 300-க்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்துக் கிடந்தன. மறுநாளே கச்சா எண்ணெய் விலை ஏறியது.

மணலைத் தோண்டினார்கள். இழுவைக் கப்பல்களை விட்டு இழுத்தார்கள். பவுர்ணமியை ஒட்டிக் கடல்நீர் உயர்ந்தது, கைகொடுத்தது. 29-ந் தேதி கப்பல் மிதந்தது.

கதை அதோடு முடியவில்லை. கப்பலில் இருந்த மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். நஷ்டஈடு கேட்டு எகிப்து அதிகாரிகள் கப்பலைப் பிடித்து வைத்தார்கள். மாலுமிகளில் சிலர் முன்னதாக ஊர் திரும்பினார்கள். மற்றவர்கள் கப்பலிலேயே காத்திருந்தார்கள். ஜூலை 7-ந் தேதிதான் கப்பல் புறப்பட்டது.

சரக்கு வரவில்லை என்று உலகம் கவலைப்பட்டது ஆறு நாள். ஆள் வரவில்லையே என்று அந்த வீடுகள் கவலைப்பட்டதோ மாதக்கணக்கில்!