படபடக்காத நெஞ்சும் துணை தேடும்

பெங்களூருவில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்தப் பலகை பழக்கம். ‘டு லெட்’ என்று பெரிதாகவும், ‘ஃபேமிலி ஒன்லி’ என்று கீழே சிறிதாகவும் எழுதியிருக்கும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக எடுத்து வைக்கத் தயாராக இருந்தாலும், தனியாக வந்து நிற்பவரிடம் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “கல்யாணம் ஆயிடுச்சா?”

இந்தக் கேள்வி சிலரை மற்றவர்களைவிட ஆழமாகக் குத்துகிறது. யாரைப் பார்த்தும் அவர்களுக்கு நெஞ்சு படபடத்ததில்லை. ஆனால், மாலையில் சேர்ந்து காபி குடிக்கவும், காய்ச்சல் இரவில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவும், ‘இவர் என்னவர்’ என்று சொல்லிக்கொள்ளவும் ஒருவர் வேண்டும் என்று ஏங்குகிறார்கள். காதல் வரவில்லை, காதலர் வேண்டும். இப்படிப்பட்டவர்களை ‘கியூபியோரொமாண்டிக்’ என்கிறார்கள். ‘கூபியோ’ என்றால் லத்தீனில் ‘விரும்புகிறேன்’. காதல் ஈர்ப்பு தோன்றாத ‘ஏரொமாண்டிக்’ மனிதர்களில் இவர்கள் ஒரு வகை.

உடல் ஈர்ப்பு இல்லாத ‘ஏசெக்ஷுவல்’ நிலை வேறு. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஏசெக்ஷுவல் மனிதர்களுக்காக ‘இந்தியன் ஏசஸ்’ அமைப்பை உருவாக்கியவர் டாக்டர் பிரகதி சிங். அவர் இந்த ஏசெக்ஷுவல் நிலையை ஆராயத் தொடங்கியபோது, கட்டாயக் கல்யாணத்தை எதிர்நோக்கியிருந்த பெண்கள் தங்களுக்கு உடலுறவில் நாட்டமில்லை என்று அவருக்கு எழுதினார்கள். உடலுறவு இல்லாத துணையைத் தேடுபவர்களுக்காக அவர் சந்திப்புகளை நடத்தினார். 2019-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவரும் இடம்பெற்றார்.

காதல் வராமலே துணை தேடும் மனநிலைக்குத் தமிழில் இடமுண்டா? தொல்காப்பியம் அகத்தை ஏழு திணைகளாக வகுக்கிறது. நடுவில் அன்பின் ஐந்திணை. ஒருபுறம் ஒருதலைக் காமமான கைக்கிளை, மறுபுறம் பொருந்தாக் காமமான பெருந்திணை. ஏழிலும் ஈர்ப்பு ஒருவர் மனத்திலாவது எரிகிறது. யார் மனத்திலும் எரியாமல் உறவு மட்டும் வேண்டப்படும் நிலைக்குத் திணை இல்லை. ஆனால் நம் வீடுகளில் அதற்குப் பழக்கம் உண்டு. மணவறையில்தான் முதன்முதலாக முகம் பார்த்து, ஐம்பது வருடம் ஒருவரையொருவர் தாங்கி வாழ்ந்த தாத்தா பாட்டிகள் எத்தனை பேர்! அந்தப் பரிவைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அதே வீடுகளில்தான் “கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்” என்ற வாக்கியமும் இருக்கிறது. சரியாக வேண்டிய கோளாறு இங்கே எதுவும் இல்லை. ஆனால் உண்மை தெரியாமல் கைப்பிடித்தவர், வராத காதலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்; குறை தன்னிடம்தான் என்று நினைத்து உருகுவார். ஆசைப்படுவதில் தப்பில்லை, மறைப்பதில் இருக்கிறது. ‘உன்மேல் எனக்கு அக்கறை வரும், பொறுப்பு வரும்; நீ எதிர்பார்க்கும் காதல் வராமல் போகலாம்’ என்பதைப் பெண் பார்க்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டும் சரி என்பவரோடு அமைவது நேர்மையான உறவு.

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. துணை வேண்டும் என்ற இந்த ஆசை அவர்களுடையதா, வீட்டுக்காரருடையதா? இருவராகச் சேர்ந்த காதல் வாழ்க்கையே எல்லோருக்கும் உகந்தது என்ற சமூக நம்பிக்கைக்கு, தத்துவப் பேராசிரியர் எலிசபெத் பிரேக் 2012-ல் ‘அமடோநார்மாட்டிவிட்டி’ என்று பெயரிட்டார். அந்தப் பலகையில் இருப்பதும் அந்த நம்பிக்கைதான்.

நீதிமன்றங்கள் பலகையை மெல்ல அகலமாக்குகின்றன. மணமாகாத துணைகளும் பால்புதுமையர் உறவுகளும் குடும்பம் ஆகலாம் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

இரண்டு தோழிகள் குடும்பம் என்று சொல்லி பெங்களூருவின் அல்சூரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்க முடிகிற நாள் வரட்டும். அன்றைக்கும் ஒருவர், ‘காதல் வரவில்லை, ஆனாலும் துணை வேண்டும்’ என்று சொன்னால், அந்த ஆசை முழுக்க அவருடையது. அதுவரைக்கும், அவர் சொல்வதை நம்புவோம்.