குழந்தைகளின் குறும்பும் வீட்டின் ஒழுங்கும்

திருவேங்கடம் வட்டாரத்துக் கரிசற்காட்டில் பருத்தி எடுப்புத் தொடங்கிவிட்டால், பெரியவர்கள் வீட்டில் தங்கும் நேரம் குறைவு. தாயார் கொல்லைக்குச் சென்று திரும்பும் சிறு பொழுதில், இரண்டு வயதுக் குழந்தை மாவுப் பானையைக் கவிழ்த்துத் தலையில் பூசிக்கொள்ளும். குங்குமச் சிமிழைத் திறந்து சுவரெல்லாம் தடவும். குடத்துத் தண்ணீரை அரிசியில் வார்க்கும். இவ்வனுபவம் இல்லாத குடும்பம் நம் அங்கத்தினர்களுள் அரிது.

இதைத் துஷ்டத்தனமென்று கருதி அடிப்பது தவறு. அவ்வயதுக் குழந்தை பொருள்களின் தன்மையைக் கையாலும் வாயாலுமே கற்கின்றது. "தொடாதே" என்ற சொல் அதற்கு விளங்கினும், கையை அடக்கும் சக்தி இன்னும் முதிரவில்லை. ஆகையால் குழந்தையைத் திருத்துவதற்கு முன் வீட்டைத் திருத்துதல் அவசியம்.

சிந்திய மாவைப் பெருக்கிவிடலாம். அதே கை பூச்சிமருந்தை எட்டினால் உயிருக்கே அபாயம். தெளித்து மிஞ்சிய மருந்தைக் கலர்ப் புட்டியில் ஊற்றி மாடத்தில் வைக்கும் வழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும். குழந்தை அதைக் கலரென்றே எண்ணும். மருந்து, மண்ணெண்ணெய், பினாயில் ஆகியவற்றை வாங்கிய கலத்திலேயே வைத்து, உயரமான இடத்தில் பூட்டுக. தண்ணீர்த் தொட்டியை மூடுக. வாளியைக் கவிழ்த்து வைக்குக. தலை கனத்த குழந்தை வாளிக்குள் குப்புற விழுந்தால், அரைச் சாண் நீரிலும் மூச்சடைத்து இறக்கக்கூடும். அதற்கு மாறாக, மரக்கரண்டி, கொட்டாங்கச்சி, ஓலைப்பெட்டி முதலியவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் விட்டு வைத்தால், அதன் ஆவல் அங்கே தீரும்.

விஷத்தை விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தால், உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வாந்தி நுரையீரலில் புகுந்து கேட்டை அதிகப்படுத்தும். 108-க்குச் சொல்லி, மருந்துப் புட்டியையும் உடன் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைக.

ஒரு தாய் தனித்து நாள் முழுதும் கண்ணிமைக்காது காத்தல் இயலாது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் ஊர்தோறும் அங்கன்வாடிகளை ஏற்படுத்தியது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைத்தலத்திற்கு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரேனும் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெண்களுள் ஒருவரைக் கூலியுடன் அமர்த்த வேண்டுமென விதித்தது. பருத்தி எடுப்புக்குச் செல்லும் ஐந்து குடும்பங்கள் கூடி, முறைவைத்து ஒருவரை நிறுத்தி, அவருடைய கூலியைப் பகிர்ந்துகொண்டால், அதுவும் கூட்டுறவேயாம். அங்கத்தினர்கள் எடுப்புக் காலத்திற்கு முன்னரே சங்கக் கூட்டத்தில் இதனைப் பேசி ஏற்பாடு செய்வார்களாக.