வேங்கிக்காலில் வைஸ் சிட்டி

வேங்கிக்காலில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு வைஸ் சிட்டியின் கார்களுக்குள் ரேடியோ உண்டு என்பதே தெரியாது. ஜிடிஏ வரிசையில் 2002-ல் பிளேஸ்டேஷனுக்கும் 2003-ல் கணினிக்கும் வந்த விளையாட்டு அது. எந்தக் காரைப் பறித்துக்கொண்டு ஏறினாலும் எண்பதுகளின் பாப் பாடல்கள் ஒலிக்கும். மைக்கேல் ஜாக்சன் பாட்டுகூட அதில் இருந்தது. ஒரிஜினல் இரண்டு சிடி. நம்மூருக்கு வந்து சேர்ந்ததோ ஒரே சிடி. இடத்தை மிச்சப்படுத்தப் பாட்டுக் கோப்புகளை யாரோ எங்கேயோ உருவி எறிந்திருந்தார்கள். 'ரிப்' என்று அதற்குப் பெயர். கார் ஓடும், போலீஸ் துரத்தும், துப்பாக்கி வெடிக்கும். ரேடியோ மட்டும் ஊமை.

திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் இருக்கும் ஊர் என்பதால் வேலூர் சாலையில் ஜெராக்ஸ் கடைகளுக்கும் மனு எழுதிக் கொடுப்பவர்களுக்கும் என்றுமே குறைவில்லை. அந்த வரிசையில்தான் பிரவுசிங் சென்டர்களும் இருந்தன. பகலில் வேலைவாய்ப்பு விண்ணப்பம், பரீட்சை ரிசல்ட், ஹால் டிக்கெட். பள்ளிக்கூடம் விட்டதும் அதே சிஸ்டங்களில் ரோடு ரேஷ், ஐஜிஐ, கவுன்டர் ஸ்ட்ரைக், வைஸ் சிட்டி. சொந்தமாக சிஸ்டம் வைத்திருந்த வீட்டுப் பையன்கள் சென்டர்காரரிடம் சிடி எழுதி வாங்கிப் போவார்கள். ரைட்டரிலிருந்து வெளியே வரும்போது சிடி சூடாக இருக்கும். "ஆறட்டும் தம்பி, உடனே கவர்ல போடாத" என்பார் அண்ணன். மார்க்கர் பேனாவால் மேலே கேம் பெயர், அதற்குக் கீழே சீரியல் கீ. ஐம்பது ரூபாய்.

அந்த சிடிக்குள் 'க்ராக்' என்றொரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் பெரும்பாலும் ஒரே ஒரு கோப்பு. அதை காப்பி செய்து கேம் இருக்கும் ஃபோல்டரில் போட வேண்டும். பழைய கோப்பை மாற்றவா என்று கேட்டால் ஆமாம் என்று அழுத்த வேண்டும். அவ்வளவுதான், பூட்டு உடைந்தது. ஒரிஜினல் டிஸ்க் டிரைவில் இருக்கிறதா என்று கேம் ஒவ்வொரு முறையும் பார்க்கும். அந்தச் சோதனையையே நீக்கிய கோப்பு அது. ஆறாம் வகுப்புப் பையன்கூட இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்தான். காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவர்தான் விளையாடும்போதெல்லாம் டிஸ்கைச் செருகி எடுத்து, கீறல் விழாமல் காத்து, விழுந்தால் மொத்தப் பணத்தையும் இழந்தார். காசு கொடுக்காதவனுக்கு வசதி, கொடுத்தவருக்குத் தொல்லை. இந்த முறைகேடு அன்றே தொடங்கிவிட்டது. இத்தனைக்கும் திருவண்ணாமலைக் கடைகளில் ஒரிஜினல் டப்பாவை நான் பார்த்ததே இல்லை. வாங்க நினைத்தவருக்கும் இங்கே வழி இருக்கவில்லை.

சட்டம் இருந்தது. டூப்ளிகேட் மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள் சிறை என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு சொல்கிறது. வணிக நோக்கம் இல்லையென்றால் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. தமிழ்நாட்டில் 2004-ல் குண்டர் சட்டத்தையே திருத்தி, திருட்டு விசிடிக்காரர்களையும் அதில் சேர்த்தார்கள். ஆனால் அந்தத் திருத்தத்தின் கண்ணில் இருந்தது சினிமா. திரையுலகம் ஒன்று திரண்டு கோட்டை வரை போய் முறையிட முடிந்தது. வீடியோ கேமுக்காகப் பேச இங்கே யார் இருந்தார்கள்? படத்தின் சிடியை மேஜைக்கு அடியில் ஒளித்தவர்கள் கேம் சிடியைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கினார்கள்.

2008 டிசம்பரில் ஜிடிஏ நான்காம் பாகம் கணினிக்கு வந்தபோது அதை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் புதுவிதமாக ஒரு பொறி வைத்தது. டூப்ளிகேட் என்று தெரிந்தால் கேம் நிற்காது. கேமராவைக் குடிகாரன் பார்வை போல ஆட்டும், கார் தானாக வேகம் எடுக்கும். இங்கே அதை யாரும் தண்டனை என்று புரிந்துகொள்ளவில்லை. கிராஃபிக்ஸ் கார்டு பத்தவில்லை என்று ரேம் மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. சில வாரங்களில் அதற்கும் க்ராக் வந்துவிட்டது. ஒரிஜினல் வாங்கியவர்கள் செக்யூரோம் பூட்டு, ராக்ஸ்டாரின் சோஷியல் கிளப், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் லைவ் என மூன்று வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு: 2020 ஜனவரியில் விண்டோஸ் லைவுக்குப் புதிய சாவி உருவாக்க முடியாமல் ராக்ஸ்டார் அந்த கேமின் விற்பனையையே சிறிது காலம் நிறுத்த நேர்ந்தது. தான் போட்ட பூட்டுக்குத் தன்னிடமே சாவி இல்லாத நிலை. அதே நிறுவனம் வெளியிட்ட மேக்ஸ் பேய்ன் இரண்டாம் பாகம் ஸ்டீம் இணையக் கடையில் விற்கப்பட்டபோது, அதன் கோப்புக்குள் க்ராக் குழு ஒன்றின் முத்திரை இருந்ததை 2010-ல் கண்டுபிடித்தார்கள். பழைய டிஸ்க் சோதனையை நீக்க, உடைத்தவர்களின் கோப்பே கைகொடுத்திருக்கிறது.

அதே 2010-ல் யூபிசாஃப்ட் நிறுவனம், அசாசின்ஸ் கிரீட் இரண்டாம் பாகத்தை விளையாடி முடிக்கும்வரை இணைய இணைப்பு அறுபடவே கூடாது என்று விதி வைத்தது. தனியாளாக விளையாடும் கேம் அது. அப்போது இங்கே மின்வெட்டுக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் தவித்தோம். யூபிஎஸ் தயவில் சிஸ்டம் தாக்குப்பிடித்தாலும் மோடம் அணைந்துவிடும். அந்தப் பூட்டு எழுதியவர்களின் கணக்கில் வேங்கிக்கால் மாதிரி ஊர்கள் இல்லவே இல்லை. க்ராக் கோப்புக்குத்தான் கரண்ட் போனால் இணைப்பும் போகும் என்பது ஒரு பொருட்டாக இல்லை. அன்று டவுன்லோடு செய்தவர்களுக்கும் ஒரு தவம் இருந்தது. பிஎஸ்என்எல்லின் 500 ரூபாய் பிளானில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை அளவில்லை. இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, டவுன்லோடைத் தட்டிவிட்டு, மானிட்டரை அணைத்து, மறுபடி படுப்பார்கள்.

இன்று அந்த சென்டர்கள் இல்லை. இருப்பவை பிரிண்ட் அவுட்டும் ஆன்லைன் பதிவும் செய்கின்றன. சிடி டிரைவ் வைத்த லேப்டாப்பே அபூர்வம். பையன்களின் கையில் போன் இருக்கிறது, போனில் பிஜிஎம்ஐ இருக்கிறது. அதை நகலெடுக்க அவசியமே இல்லை. விளையாட்டு இலவசம், துப்பாக்கிக்கான நிறமும் சட்டையும்தான் காசு.

கணினி கேம்களில் டூப்ளிகேட் குறைந்ததற்குக் காரணம் கேட்டால் நான் பூட்டைச் சொல்ல மாட்டேன். விலையைச் சொல்வேன், கடை பக்கத்தில் வந்ததைச் சொல்வேன். சினிமாவில் மோசர் பேயர் 2007 வாக்கில் ஒரிஜினல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொடுத்தபோதே இது தெரிந்துபோனது. திருட்டு டிவிடி வாங்கிய அதே கைகள் ஹோலோகிராம் ஒட்டிய அட்டையைத் தேடின. கேமுக்கு அந்த நாள் 2015 நவம்பரில் வந்தது. ஸ்டீம் அன்றுதான் இந்தியாவில் ரூபாயில் விலை போட்டது. அதுவரை டாலர் விலை, சர்வதேச கார்டு வேண்டும். இங்கே எத்தனை வீட்டில் அது இருந்தது? 2016-ல் ஜியோ வந்து டேட்டாவின் விலையை உடைத்தது. இப்போது யுபிஐயில் பணம் கட்டலாம். தள்ளுபடி நாட்களில் சில நூறு ரூபாய்க்கு நல்ல கேம் கிடைக்கிறது. 2020 மே மாதம், ஊரடங்கு நடுவே, எபிக் கடை ஜிடிஏ ஐந்தாம் பாகத்தை ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தது. கூட்டம் தாங்காமல் அந்தத் தளமே படுத்துவிட்டது. ஒருகாலத்தில் க்ராக் ஃபோல்டரைத் தேடியவர்கள் அன்று முறைப்படி கணக்குத் தொடங்கி, நூறு ஜிபிக்குப் பக்கமான கேமை, நாள் கணக்கில் காத்திருந்து இறக்கினார்கள். வழி கொடுத்தால் ஜனங்கள் வழியில் நடப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பூட்டுக்காரர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 2014-ல் ஃபிஃபா 15 மூலம் ஆஸ்திரியாவின் டெனூவோ பூட்டு வந்தபோது க்ராக் குழுக்கள் திணறின. சீனாவின் பெரிய குழுவான 3டிஎம்-மின் தலைவி, இப்படியே போனால் இரண்டு ஆண்டில் இலவச கேமே இருக்காது என்று 2016 தொடக்கத்தில் சொல்லும் நிலை வந்தது. ஒரு கேம் தன் விற்பனையின் பெரும்பங்கை முதல் சில வாரங்களில் சம்பாதிக்கிறது. அந்த வாரங்களைக் காப்பது பல நூறு பேரின் சம்பளத்தைக் காப்பது. அதற்காகப் பூட்டுப் போடட்டும். ஆனால் அந்த வாரங்கள் முடிந்த பிறகும் அது ஏன் தொங்க வேண்டும்? 2021-ல் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் கேமில், பூட்டு நீக்கிய பிரதி ஒரிஜினலைவிடத் தடங்கலில்லாமல் ஓடியது. சோதித்தவர்கள் அதை உறுதிசெய்த பிறகு கேமை உருவாக்கிய காப்காம் திருத்தம் வெளியிட்டது. பழைய ஐ3 சிஸ்டத்தில் மல்லுக்கட்டும் நம்மூர்ப் பையனுக்கு இந்தத் தடங்கல் சின்ன விஷயமில்லை.

நம் நாட்டுச் சட்டம் இதில் நிதானமாகவே இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. அந்த எண்ணம் இல்லாமல், சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காக உடைப்பதை அது குற்றமாக்கவில்லை. 1998-ன் அமெரிக்கச் சட்டம் உடைப்பதையே பொதுவாகத் தடுத்து, விதிவிலக்குகளை அவ்வப்போது தனியே அறிவிக்கிறது. நம்முடையதுதான் நேர்மையான சட்டம் என்பது என் கருத்து.

கசிவின் கதை வேறு. அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. 2022 செப்டம்பரில் ஜிடிஏ ஆறாம் பாகத்தின் பாதி முடிந்த காட்சிகள், தொண்ணூறு வீடியோக்கள், வெளியே வந்தன. திருடியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பதின்வயதுக்காரர். அப்போது அவர் போலீஸ் ஜாமீனில் ஒரு ஹோட்டல் அறையில் இருந்தார். அந்த அறையின் டிவி, அமேசான் ஃபயர் ஸ்டிக், ஒரு போன் இவற்றை வைத்தே நுழைந்ததாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதைச் சரிசெய்ய 50 லட்சம் டாலரும் ஊழியர்களின் ஆயிரக்கணக்கான மணி நேரமும் செலவானதாக ராக்ஸ்டார் கணக்குச் சொன்னது. அடுத்த ஆண்டு டிசம்பரில் முதல் டிரெய்லரும் கசிந்து, நிறுவனமே அதை நேரத்துக்கு முன்பாக வெளியிட வேண்டியதாயிற்று. கசிந்த காட்சிகள் சில மணி நேரத்தில் வேங்கிக்கால் போன்களுக்கும் வந்தன. வண்ணம் பூசாத சுவரையும் பெயரிடாத முகத்தையும் பார்த்து "கிராஃபிக்ஸ் மட்டம்" என்று பேசினார்கள்.

ராக்ஸ்டாருக்கு பெங்களூரில் பெரிய ஸ்டுடியோ இருக்கிறது. இந்தியாவின் மூத்த கேம் நிறுவனங்களில் ஒன்றான துருவா இன்டராக்டிவையும் 2019-ல் வாங்கி அதோடு சேர்த்துக்கொண்டது. செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாக பஸ்ஸில் நான்கைந்து மணி நேரத் தூரம். பௌர்ணமிக்கு பெங்களூர் வண்டிகள் கிரிவலப் பாதையை நிறைக்கும் ஊர் இது. பாதியில் நின்ற வேலையை ஊர் பார்த்துச் சிரித்தது என்றால், அது நம் பக்கத்து ஊரில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து உழைத்தவர்களின் வேலையும்தான்.

ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்களின் பங்கையும் யாராவது கேட்க வேண்டும். 2014-ல் பாட்டு உரிமங்கள் காலாவதியானதால் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸின் ரேடியோவிலிருந்து பல பாடல்களை ராக்ஸ்டார் நீக்கியது. ஏற்கெனவே பணம் கட்டி வாங்கியவர்களின் கணினியிலும் அப்டேட் வந்து பாட்டைத் துடைத்துவிட்டுப் போனது. வைஸ் சிட்டிக்கும் அதற்கு முன்பே இப்படி நேர்ந்தது. அன்று ஐம்பது ரூபாய் சிடியில் இல்லாத பாட்டு, இன்று ஒரிஜினலிலும் இல்லை. 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் தன் 'தி க்ரூ' கார் பந்தய கேமின் சர்வரை அணைத்தது. தனியாக ஓட்டுபவருக்கும் சர்வர் தேவை என்று கட்டியிருந்ததால், வாங்கிய எல்லோருடைய கேமும் ஒரே நாளில் செத்தது. கீறல் விழாத டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

இதை எதிர்த்து ஐரோப்பாவில் தொடங்கிய மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. கலிஃபோர்னியாவில், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதை விற்கும்போதே சொல்லியாக வேண்டும் என்று 2024-ல் சட்டம் போட்டார்கள். எனக்கு அது போதாது. விற்பனையை மூடும் நாளில், சர்வர் இல்லாமல் ஓடும்படி கடைசி அப்டேட் ஒன்றை நிறுவனமே தர வேண்டும். முடியாத காரியம் என்று சொல்லவும் வழியில்லை. கூச்சல் எழுந்த அதே 2024-ல், 'தி க்ரூ 2'-க்கும் அதற்கடுத்த மோட்டார்ஃபெஸ்டுக்கும் சர்வர் இல்லாமல் விளையாடும் வசதி தருகிறோம் என்று யூபிசாஃப்ட் அறிவித்தது. முதல் கேமை வாங்கியவர்களுக்கு அந்த வாக்குறுதி கிடைக்கவில்லை.