அறைக்கேற்ற ஆழ்ந்த நாதம்

கோயம்புத்தூர்க் காந்திபுரத்தில், பெரிய திரையுள்ள டி.வி. ஒன்றை வாங்கும் எண்ணத்தோடு கடைக்குள் நுழைகிற குடும்பத்தார், அந்தத் திரையின் மெல்லிய உடம்பிலிருந்து வரும் மெலிந்த சப்தத்தைக் கேட்டு மனநிறைவு கொள்ளாமல், "இதோட ஹோம் தியேட்டரும் ஒண்ணு போட்டுக்கலாமுங்களா?" என்று கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. முன்னால் வைக்கும் ஒலிபெருக்கிகளைப் பற்றியும் ஆம்ப்ளிஃபயரைப் பற்றியும் நெடுநேரம் விசாரிக்கும் அவர்கள், தரையோரம் கிடக்கும் கனத்த கறுப்புப் பெட்டியைப் பற்றி மட்டும், "எட்டு இஞ்சா, பத்து இஞ்சா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சப்-ஊஃபர் என்னும் அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நிதானம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மற்றவற்றில் செய்யும் பிழை காதைச் சிறிது உறுத்துவதோடு நின்றுவிடும். இதில் செய்யும் பிழையோ வீடு முழுவதையும், பல சமயங்களில் பக்கத்து வீட்டையும் சேர்த்து அதிரவைத்துவிடும்.

சினிமாவைச் செம்மையாகக் கண்டும் கேட்டும் அநுபவிக்கவேண்டும் என்ற ஆசை இந்த ஊருக்குப் புதிதன்று. ரெயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905-இல் படம் காட்டும் யந்திரத்தை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டித் திரிந்தபின், 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிரந்தர அரங்கைக் கட்டினார். அதன் பெயரால் ஒரு வீதி இன்றும் வழங்குகிறது. பின்னர் சென்ட்ரல் ஸ்டூடியோவும் ஸ்ரீராமுலு நாயுடுவின் பக்ஷிராஜா ஸ்டூடியோவும் இங்கே எழுந்து, தமிழ்ப் பேசும் படத்தின் தலைநகரங்களுள் ஒன்றாகக் கோவையை ஆக்கின. ஆயினும் பிலிமின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்த அக்காலத்துச் சப்தத்திற்கு, மிக ஆழ்ந்த ஒலிகளையும் மிக உச்சமான ஒலிகளையும் செவ்வனே தாங்கும் சக்தி இருக்கவில்லை. வசனமும் பாட்டும் தெளிவாகக் கேட்டால் ரசிகர்கள் திருப்தியடைந்தார்கள். பூகம்பத்தை உடலாலும் உணரச் செய்யவேண்டுமென்று 1974-இல் அமெரிக்காவின் யூனிவர்சல் கம்பெனியார் 'எர்த்குவேக்' படத்துக்காகச் சென்ஸரவுண்ட் என்ற முறையை வகுத்து, அரங்குகளில் பிரம்மாண்டமான பெட்டிகளை நிறுத்தினார்கள். 1992-இல் டால்பி டிஜிட்டல் முறை வந்தபோது, ஆழ்ந்த ஒலிகளுக்கென்றே தனித் தடம் ஒன்று படத்தோடு இணைந்துவிட்டது. கடைக்காரர் 5.1 என்று சொல்லும்போது அந்தப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் 1 இந்தத் தடந்தான். அதைக் கேட்கச் செய்வதே சப்-ஊஃபரின் பிரதான வேலை.

மனிதச் செவி விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும் என்பது பள்ளிப் பாடம். அந்த விஸ்தாரத்தின் அடிப்பகுதியில், சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 120 ஹெர்ட்ஸ் வரையில், ஒலி விசித்திரமான குணங்களைப் பெறுகிறது. 20 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 17 மீட்டர் நீளம். நம்மில் பெரும்பாலோருடைய வீட்டைவிட அது நீளமானது. அவ்வொலி காதில் விழவேண்டுமானால் 75 டெசிபலுக்கும் மேற்பட்ட பலத்தோடு பிறக்கவேண்டும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, அதே பலத்தோடு ஒலிக்கவேண்டுமானால், ஒலிபெருக்கியின் கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ளியாகவேண்டும். 40 ஹெர்ட்ஸில் சிரமமின்றி முழங்கும் சிறு பெட்டி 20 ஹெர்ட்ஸில் மூச்சுத் திணறுவதற்குக் காரணம் இதுவே. கூம்பின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதால், எட்டு இஞ்சைவிடப் பன்னிரண்டு இஞ்சின் பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எனினும், பெரியதை வாங்கிவிட்டால் போதும் என்று முடிவு கட்டுவது தவறு. கொங்கு நாட்டு விவசாயி எவரும் கடையில் உள்ள மிகப் பெரிய மோட்டாரைக் காட்டி அதைக் கொடு என்று கேட்பதில்லை. கிணற்றின் ஆழம், தண்ணீரின் மட்டம், பைப்பு போகும் தூரம் ஆகிய மூன்றையும் சொல்லி, அதற்கேற்ற பம்புசெட்டையே கேட்பார். சப்-ஊஃபர் விஷயத்தில் கிணற்றின் ஸ்தானத்தில் இருப்பது நம் வீட்டு அறை. அதன் நீள அகல உயரங்களை அளந்து ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளாமல் கடைக்குப் போவது வியர்த்தமான காரியம்.

இந்த இடத்தில் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் இதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் புத்திமதிகளில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே சுவர் என்பது பெரும்பாலும் மரச் சட்டத்தின்மேல் அடித்த மெல்லிய பலகை. ஆழ்ந்த ஒலி அதில் மோதும்போது பலகை தானும் அசைந்து, அந்த ஒலியில் ஒரு பங்கை விழுங்கி, மற்றொரு பங்கை வெளியே விட்டுவிடுகிறது. நம்முடைய செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் அப்படி அசைவதில்லை. வந்த ஒலியை வந்தபடியே திருப்பி அனுப்புகின்றன. முற்றமும் ஆசாரமும் ஓட்டுக் கூரையும் கொண்ட பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் இந்தத் தொல்லை அநேகமாக இராது. இன்றைய தார்சு வீட்டிலோ, ஒலி நான்கு சுவருக்குள் சிறைப்பட்டு, அறையின் அளவுக்குப் பொருந்திய சில ஸ்வரங்களை மட்டும் விபரீதமாகப் பெருக்கிக் காட்டுகிறது. கணக்கு எளிது. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 345 மீட்டர். அதை அறையின் நீளத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால், அந்த நீளம் எந்த அதிர்வைத் தூக்கிக்காட்டும் என்பது தெரிந்துவிடும். பன்னிரண்டு அடிக்கு 47 ஹெர்ட்ஸ், பத்து அடிக்கு 57 ஹெர்ட்ஸ். பத்துக்குப் பத்து அறையில் கூரையும் பத்தடி உயரமாக இருந்துவிட்டால், மூன்று திசைகளும் ஒரே 57 ஹெர்ட்ஸில் கூடி, எந்தப் படம் போட்டாலும் ஒரே ஸ்வரத்தில் உறுமும். அத்தகைய அறையில் எந்த விலையுள்ள பெட்டியை வைத்தாலும் அதன் குணம் தெரியாது. வேறு அறை இருக்குமானால், நீளமும் அகலமும் வேறுபட்ட அறையையே தேர்ந்தெடுப்பது சிலாக்கியம்.

இதே கெட்டிச் சுவர் ஒரு நன்மையும் செய்கிறது. சிறிய, நன்றாக அடைபட்ட அறையில், அதன் மிகக் கீழான ஒத்ததிர்வுக்கும் கீழே உள்ள ஒலிகளுக்கு அறையே ஓர் ஊக்கத்தை அளிக்கிறது. அந்த ஊக்கம் எவ்வளவு பயன்படும் என்பது பெட்டியின் வகையைப் பொறுத்தது. பெட்டிகளில் இரு வகை உண்டு: முழுவதும் மூடியது ஒன்று, ஒரு குழாய்த் துளையுள்ளது மற்றொன்று. 1954-இல் அமெரிக்காவில் எட்கார் வில்ச்சர் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே வில்லாக உபயோகித்து, அதுவரை பெரிய அலமாரிகளிலிருந்தே எதிர்பார்க்கப்பட்ட ஆழத்தை வரவழைத்துக் காட்டினார். துளையுள்ள பெட்டிகளுக்கு ஒழுங்கான கணக்கை 1961-இல் வகுத்தவர் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல். மூடிய பெட்டியின் ஒலி தன் எல்லைக்குக் கீழே ஸ்தாயிக்கு 12 டெசிபல் வீதம் மெல்லச் சரிகிறது. துளையுள்ளது தன் எல்லை வரை அதே மின்சக்தியில் அதிகப் பலத்தோடு முழங்கி, பிறகு 24 டெசிபல் வீதம் செங்குத்தாக விழுகிறது. மெல்லச் சரியும் அந்தச் சரிவை நம் கான்கிரீட் அறை தரும் ஊக்கம் பெரும்பாலும் ஈடுசெய்துவிடுவதால், சிறிய கூடங்களுக்கு மூடிய பெட்டியே பொருத்தமானது என்று நான் துணிந்து சொல்வேன். சமையலறைப் பக்கமும் மாடிப்படிப் பக்கமும் திறந்து கிடக்கும் விசாலமான கூடத்தில் அந்த ஊக்கம் கிட்டாது. அங்கே துளையுள்ள பெரிய பெட்டி வேண்டும்.

காந்திபுரத்திலும் கோவையின் மற்றப் பகுதிகளிலும் ஆம்ப்ளிஃபயரையும் பெட்டியையும் தாமே இணைத்துக் கொடுக்கும் கைத்தேர்ச்சியுள்ள தொழிலாளிகள் பலர் இருக்கிறார்கள். மோட்டாருக்குக் கம்பி சுற்றியும் வார்ப்படம் வார்த்தும் பழகிய ஊரின் இந்தத் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன். பிளைவுட்டின் கனத்திலும் உள்சட்டங்களின் உறுதியிலும் இவர்களுடைய பெட்டிகள் சில, பெயர்பெற்ற கம்பெனிகளின் மலிவான பெட்டிகளைவிட மேலானவை. ஆனால் உள்ளே பொருத்தும் ஒலிபெருக்கியான ஊஃபர் எதுவானாலும் ஒரே அளவுப் பெட்டி என்ற பழக்கம் மட்டும் ஒழியவேண்டும். ஒவ்வோர் ஊஃபருக்கும் அதன் தயாரிப்பாளர் தரும் அளவுக் குறிப்பு உண்டு; உள்ளே எத்தனை லிட்டர் காற்று இருக்கவேண்டும், துளை எத்தனை நீளம் இருக்கவேண்டும் என்பன அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கவேண்டியவை. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் தொழிலாளியிடம் தயங்காமல் வேலையைக் கொடுக்கலாம். அட்டைப் பெட்டியின்மேல் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட் என்ற எண்ணுக்கு எந்தத் திட்டமான பிரமாணமும் இல்லை; ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேட்டு, அதை மட்டுமே ஒப்பிடவேண்டும். அதிலும், மின்சக்தியை இரட்டித்தால் 3 டெசிபல் மாத்திரமே கூடும் என்பதால், 150 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் இடையே உள்ள பேதத்திற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது அநாவசியம்.

கடையில் பரீட்சிக்கும்போது குண்டு வெடிக்கும் காட்சியைப் போட்டுக் காட்டுவது கடைக்காரர்களின் மரபு. அதைக் கேட்டு எதையும் தீர்மானிக்க இயலாது. உண்மையான வெடிச் சப்தம் எப்படி இருக்கும் என்று நம்மில் யாருக்குத் தெரியும்? மாரியம்மன் நோம்பியில் கேட்டுப் பழகிய பம்பையையும் உறுமியையும் ஜமாப் மேளத்தையும் நல்ல பதிவாகக் கையோடு கொண்டுபோய், அதைப் போடச் சொல்லுங்கள். அடி ஒவ்வொன்றும் தனித்தனியே பிறந்து, கை எடுத்த கணத்தில் அடங்கவேண்டும். ஓர் அடியின் வால் அடுத்த அடியின் தலைமேல் படிந்து குழம்புமானால், அந்தப் பெட்டி எவ்வளவு பலமாக அதிர்ந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம்.

வீட்டுக்கு வந்தபின் அதை எங்கே வைப்பது என்பது, எதை வாங்குவது என்பதற்குச் சமமான கேள்வி. அறையின் மூலையில் வைத்தால் சப்தம் பெருகும், தெளிவு குறையும். இதற்கொரு பழைய யுக்தி உண்டு: பெட்டியைத் தூக்கி நாம் உட்காரும் சோபாவின் இடத்தில் வைத்து, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடவிட்டு, சுவரோரமாகக் குனிந்தும் தவழ்ந்தும் சென்று, எந்த இடத்தில் தாழ்ந்த ஸ்வரங்கள் எல்லாம் சீராகக் கேட்கின்றனவோ அங்கே பெட்டியை வைத்துவிட்டால், சோபாவில் அமரும்போது அதே சீர்மை கிட்டும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவது நம் வீடுகளின் வழக்கம். சுவரருகே தாழ்ந்த ஒலி குவிவதால், இரண்டு அடியாவது முன்னே இழுத்துப்போடுவது நல்லது. ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு சப்-ஊஃபர்களை வைத்தால், அறையில் எல்லோர்க்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும் என்று நிரூபித்தது. பிறகு, ஒலியைப் பெட்டிகளுக்குப் பங்கிட்டு அனுப்பும் ரிசீவரில் சிறிய ஒலிபெருக்கிகளை 'ஸ்மால்' என்று குறித்து, அவற்றுக்கும் சப்-ஊஃபருக்கும் இடையிலான எல்லைக்கோட்டை 80 ஹெர்ட்ஸில் வைத்துவிடலாம். அதற்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று காது அறிவது அரிது. ஓயாத 'ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால் பெட்டியைப் பழிக்குமுன், கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றிப் பாருங்கள். எர்த் இரு வழியாகச் சேரும்போது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸே அப்படிப் பாடும்.

ஆகவே, காந்திபுரத்தின் குறுக்கு வீதிகளில் உள்ள வழக்கமான பத்துக்குப் பன்னிரண்டு கூடத்துக்கு என் தீர்ப்பு இது: சொந்த ஆம்ப்ளிஃபயர் உள்ள, மூடிய, பத்து இஞ்சுப் பெட்டி ஒன்று; கையில் மேலும் பணம் சேர்ந்தால், பன்னிரண்டு இஞ்சுக்கு மாறாமல் அதே பத்து இஞ்சில் இரண்டாவது ஒன்று.

அடுக்குமாடியில் குடியிருப்போருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. குடியிருப்புப் பகுதிகளில் பகலுக்கு 55, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டுகின்றன. ஆனால் அந்த அளவை முறை 31.5 ஹெர்ட்ஸ் ஒலியில் 39 டெசிபலைக் கழித்துவிட்டே கணக்கிடுகிறது. மேல்மாடியில் உறங்கும் குழந்தையை எழுப்பும் அதிர்வு அந்தக் கருவியில் அநேகமாகப் பதியவே பதியாது. சட்டத்தின் முள் அசையவில்லை என்பதை ஆதாரமாகக் கொள்ளாமல், இரவு பத்து மணிக்குப் பிறகு சப்-ஊஃபரின் அளவை மட்டுமாவது தனியே குறைத்துவைத்துப் படம் பாருங்கள்.