உப்புக்காற்றுக்கு எந்தச் சக்கரம்?
பழைய வண்டி – தொடர், பகுதி 9

எஞ்சினும் பிரேக்கும் முடிந்துவிட்டன. இந்த வாரம் சக்கரம். பழைய ஃபியட் 1100, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசடர் எதுவானாலும், வாங்கித் தன் விருப்பப்படி மாற்றிக் கட்ட நினைப்பவர் பெரும்பாலும் முதலில் கை வைப்பது இதில்தான். பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டிய அமெரிக்க ஹாட் ராடுகளின் படங்களைப் பார்த்துவிட்டால், அந்தப் பளபளப்பு மனசை விட்டுப் போவதில்லை. மதுரையிலோ கோவையிலோ இருப்பவர் அந்த ஆசையின் போக்கில் போகலாம். தூத்துக்குடியில் வண்டி நிற்கப்போகிறது என்றால், முதலில் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஹாட் ராடு வளர்ந்த இடங்களில் ஒன்றும் உப்புவெளிதான். தெற்குக் கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிப்படுகைகளில் ஃபோர்டு மாடல் ஏ, 1932-ஆம் ஆண்டின் வி-8 ஃபோர்டு போன்ற வண்டிகளை மட்கார்டுகளைக் கழற்றிவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தவர்கள், 1949-இல் யூட்டா மாநிலத்தின் போன்வில் உப்புவெளிக்கு வந்தார்கள். அவர்கள் மாட்டிக்கொண்டு போனதில் பெரும்பகுதி சாதாரண இரும்பு டிஸ்க் சக்கரம். 1940 ஃபோர்டின் 16 அங்குல இரும்புச் சக்கரத்துக்கு இன்றும் அங்கே தனி மரியாதை உண்டு. காற்று சிக்காமல் வழுக்கிப் போவதற்காக அதன்மேல் அலுமினியத் தகட்டு மூடியைத் திருகி மாட்டினார்கள். டீன் மூன் செய்த அந்த மூடிகளுக்கு ‘மூன் டிஸ்க்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஹாலிபிராண்டின் மக்னீசிய வார்ப்புச் சக்கரங்கள் பந்தயக் கார்களிலிருந்து வந்தவை. அமெரிக்கன் ரேசிங்கின் டார்க் த்ரஸ்ட், க்ரேகரின் குரோமியச் சக்கரம் இரண்டும் 1960-களின் அடையாளங்கள்.

நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய சொந்தம் சோழவரம். உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த கார்ப் பந்தயங்களில், வீட்டுப் பட்டறையில் மாற்றிக் கட்டிய ஃபியட்டும் ஹெரால்டும் ஓடின. அந்த மரபைத் தெரிந்து வைத்துக்கொண்டு வண்டி கட்டுவதில் தனிப் பெருமை இருக்கிறது.

இனி நம் காற்றுக்கு வருவோம். போன்வில்லில் பாலைவனக் காற்று; சக்கரத்தில் ஒட்டிய உப்பு பெரும்பாலும் தூளாகவே கிடக்கும், கழுவினால் போய்விடும். தூத்துக்குடியில் அப்படியில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பளத்தில் உப்பு விளைந்தபின் மிஞ்சுகிற கசப்பு நீரிலோ மக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். முத்தையாபுரம், முள்ளக்காடு வழியாகத் திருச்செந்தூர் சாலையில் உப்பு லாரிக்குப் பின்னால் போகிற கார் இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. ராத்திரி நிறுத்திவைத்த வண்டியின் டிஸ்க்கில், மழையே இல்லாமல், உப்புநீர்ப் படலம் ஒன்று உட்கார்ந்திருக்கும். துருவுக்கு வேறென்ன வேண்டும்?

மக்னீசியச் சக்கரம் இங்கே கூடவே கூடாது. உப்புநீரில் இரும்போடு தொட்டுக்கொண்டு இருந்தால் மக்னீசியம்தான் முதலில் அரிக்கப்படும். லாஞ்சின் அடிப்பகுதியில் துத்தநாகக் கட்டி பொருத்துகிற துறைமுகத்து மெக்கானிக்குகளுக்கு இது புதிதல்ல. ஹல்லைக் காப்பாற்ற அந்தக் கட்டி தன்னைக் கொடுத்துக் கரைகிறது. காரில் கரையப்போவது நம் விலையுயர்ந்த சக்கரம். அலுமினிய அலாய் இவ்வளவு மோசமில்லை என்றாலும், இரும்பு ஹப்போடு சேருமிடத்தில் வெள்ளைப் பொடி பூத்து இறுகிக்கொள்ளும். குரோமியப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உப்பு அவற்றின் வழியே உள்ளே போய்ப் பூச்சை அடியிலிருந்து தூக்கும்.

கம்பிச் சக்கரத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கிறது. அவ்வளவு அழகு. சென்னை பாடியில் 1960-இல் தொடங்கிய வீல்ஸ் இந்தியா, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான கம்பிச் சக்கரங்களைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிய நிறுவனம். அதனால் இது நம் ஊர்க் கைத்திறனும்கூட. ஆனால் ஒவ்வொரு கம்பியும் ரிம்மோடு சேருகிற நிப்பிளில் உப்புநீர் தங்கும். ஒரு கம்பி இறுகி, ஒன்று தளர்ந்து, அடிக்கடி கோட்டம் எடுக்க வேண்டிவரும். வீட்டுக்குள் நிறுத்தி, விழாவுக்கு மட்டும் எடுக்கிற வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

அன்றாடம் ஓடுகிற வண்டிக்கு என் தேர்வு பெயின்ட் அடித்த இரும்பு டிஸ்க். துரு வந்தால் கண்ணுக்குத் தெரியும். மணல் வீச்சில் சுரண்டி, துத்தநாக ப்ரைமர் கொடுத்து, மறுபடி பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். இது அழகில் குறைந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். போன்வில்லுக்குப் போனவர்களின் வண்டிகள் எப்படி இருந்தன என்று மேலே பார்த்தோமே.

சென்னை புதுப்பேட்டையிலோ வேறெங்கோ பழைய டிஸ்க் வாங்கும்போது டயரைக் கழற்றச் சொல்லுங்கள். டயர் உட்காரும் விளிம்பில் துரு குழி பறித்திருக்கிறதா, நட் துளைகள் நீள்வட்டமாகிவிட்டனவா, காற்றோட்டத் துளைகளின் ஓரத்தில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். பி.சி.டி. அளவு, அதாவது நட் துளைகளின் மையங்கள் வழியே போகிற வட்டத்தின் விட்டம், ஒத்துப்போக வேண்டும்: நான்கு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும், ஐந்து துளைக்கு அடுத்தடுத்த இரண்டின் மைய இடைவெளியை 1.7-ஆல் பெருக்க வேண்டும். சக்கரத்தின் விட்டமும் முக்கியம். ஹெரால்டுக்கு 13 அங்குலம், ஃபியட்டுக்கு 14, அம்பாசடருக்கு 15.

அகலத்தில் மட்டும் ஆசைப்பட வேண்டாம். அகலச் சக்கரம் மட்கார்டில் உரசும். உடனே தகட்டை வெட்டச் சொல்வார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 50 வயதைத் தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த விதிப்படி ‘விஏ’ பதிவெண் வாங்க நினைத்தால், சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் அசலாக இருந்தாக வேண்டும். தகட்டில் கத்தி வைக்காமல் பொருந்துகிற டிஸ்க்கே வாங்குங்கள்.

வாங்குவது நான்கு அல்ல, ஐந்து. ஸ்டெப்னிக்கும் அதே டிஸ்க் வேண்டும். ஒரே அளவில் ஐந்தாவது பின்னால் கிடைப்பது அரிது. அந்த ஐந்துக்கும் ஏற்ற டயரைப் பற்றி அடுத்த வாரம்.