மீதி ஆட்டம் – 14: கேசட் மேல் கேசட்

'ஒப்லிவியன்' என்ற வீடியோ ஆட்டத்துக்குக் கூடுதலாகக் காசுக்கு விற்ற குதிரைக் கவசத்தைப் பற்றி எழுதுவதாகப் போன வாரம் சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை ஐந்து மணிக்குள் கட்டுரை வந்தாக வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. இப்போது மணி மூன்றரை. குதிரை இன்னும் லாயத்தை விட்டு வெளியே வரவில்லை. இன்றைக்கு வராது. காரணம், ஒரு கேசட்.

முன்கதை: 1979-இல் வந்த 'டெம்பிள் ஆஃப் அப்ஷாய்' என்ற கணினி ஆட்டம், அதை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டும் பயன்படுகிற கூடுதல் நிலவறைகளாக 1981-இல் வந்த அதன் தொடர்ச்சி. இவ்வளவுதான். மறந்தவர்கள் பழைய இதழைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு தடவை புரட்டிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் வீட்டில் பரணை ஒழித்தோம். அக்கா மகன் ஒரு கறுப்பு கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, இது மேல மூடி உடைஞ்சு போயிருக்கு, தூக்கிப் போட்டுடட்டுமா?" என்றான். உடையவில்லை. அது பிறந்ததே அப்படித்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா, தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சேகா பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்த 'சோனிக் அண்ட் நக்கிள்ஸ்' அது. தலையில் ஒரு சின்ன மூடி. அதைத் திறந்தால், இன்னொரு கேசட்டைச் செருகுவதற்கான வாய்.

எங்கள் தெருவில் அன்றைக்கு மற்றவர்களிடம் இருந்ததெல்லாம் சீனப் பெட்டியும் மஞ்சள் கேசட்டும்தான். கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டே போனால், ஆறோ ஏழோ ஆட்டத்துக்குப் பிறகு அதே மரியோ வேறு பெயரில் வருவார். அதே டாங்கி, நான்காவது கட்டத்திலிருந்து தொடங்கும். எண் கூடுமே தவிர ஆட்டம் கூடாது. ஓடவில்லை என்றால் கேசட்டின் வாயில் ஊதுவோம். அதுதான் நாங்கள் அறிந்த ஒரே பழுதுநீக்கம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், கேசட் மேல் கேசட் செருகுகிற ஒரு பொருள் என்ன மாயம் காட்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

விஷயம் இதுதான். 1994 பிப்ரவரியில் சேகா நிறுவனம் 'சோனிக் 3' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. திட்டமிட்ட ஆட்டத்தில் ஏறக்குறைய பாதிதான் அது. முழுவதையும் ஒரே கேசட்டில் அடைக்கும் அளவு சிப் வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. கையில் நேரமும் இல்லை. மீதிப் பாதி அதே ஆண்டு அக்டோபரில் 'சோனிக் அண்ட் நக்கிள்ஸ்' என்று தனிக் கேசட்டாக வந்தது. அதன் தலையில் 'சோனிக் 3'-ஐச் செருகினால் இரண்டும் ஒட்டி, முதலில் நினைத்த முழு ஆட்டமாக ஓடும். நக்கிள்ஸ் என்ற சிவப்பு எதிரியை வைத்துக்கொண்டு பழைய பாதியையும் ஆடலாம். இரண்டு கேசட்டிலும் இருந்தது ஆளுக்கு 2 மெகாபைட். இன்று கைபேசியில் எடுக்கிற ஒரு போட்டோவே அதைவிடப் பெரிது.

இதுவரை சரி, வியாபாரம். என்னை இந்த வாரம் தூங்கவிடாமல் செய்தது அடுத்த விஷயம். 'சோனிக் 2' வெளிவந்தது 1992-இல். அதைச் செய்தபோது நக்கிள்ஸ் என்ற பாத்திரமே இல்லை. ஆனால் 'சோனிக் 2' கேசட்டை இந்தக் கறுப்பு கேசட்டின் தலையில் செருகினால், அந்தப் பழைய ஆட்டத்துக்குள் நக்கிள்ஸ் ஓடுகிறான், சுவர் ஏறுகிறான், காற்றில் மிதக்கிறான். எப்படி?

கேசட்டுக்குள் இருப்பது ரோம் சிப். தொழிற்சாலையில் ஒரு தடவை எழுதினால் எழுதியதுதான். படிக்கலாம், அழிக்க முடியாது, ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. அதனால் கறுப்பு கேசட்டுக்குள் அதன் சொந்த ஆட்டத்துக்கான சிப்போடு, 256 கிலோபைட்டில் தனியாக இன்னொரு சிப்பை வைத்தார்கள். தலையில் இருப்பது 'சோனிக் 2' என்று தெரிந்ததும் அந்தச் சிப் விழித்துக்கொள்கிறது. "இந்த இடத்தில் அங்கே எழுதியிருப்பதைப் படிக்காதே, என்னைப் படி, மற்றதெல்லாம் பழையபடி" என்று இயந்திரத்திடம் சொல்கிறது. பழைய கேசட்டில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. கழற்றி எடுத்துத் தனியாகப் போட்டால் அது 1992-இன் ஆட்டமாகவே ஓடும். (முதல் 'சோனிக்'கைச் செருகினால் மட்டும் 'நோ வே' என்று ஒரு திரை வந்து கையை விரித்துவிடும். அங்கேயும் மூன்று பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் நீல உருண்டைகளை ஓடிப் பிடிக்கிற ஆட்டம் ஒன்று கிடைக்கும்.)

இதை அக்கா மகனிடம் விளக்கியபோது, அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்கு வேறொன்று புரிந்தது. அழிக்க முடியாத எழுத்தை எப்படித் திருத்துவது என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. அது இருக்கும் கோயிலின் வாசலில்தான் நான் சைக்கிள் கற்றுக்கொண்டேன்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் குடவோலைத் தேர்தல் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். 30 குடும்பு, பனையோலையில் பெயர், குடம், ஓலையை எடுத்துக் கொடுக்க ஒரு சின்னப் பையன். பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாத ஒரு செய்தி உண்டு. கல்வெட்டு ஒன்றல்ல, இரண்டு. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல் ஒன்று. 14-ஆம் ஆண்டில், 921-இல் இன்னொன்று. விதிகளை எழுதிய இரண்டே வருஷத்தில் திருத்தம் தேவைப்பட்டிருக்கிறது.

முதல் கல்வெட்டில் வாரியம் என்ற ஊர்க் குழுவுக்கு வரக்கூடியவருக்கு வயது 30-க்கு மேல், 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல், 70-க்குள். முதலில் சொந்தமாகக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். இரண்டாவதில், வேதமும் பாஷ்யமும் ஓதத் தெரிந்தவராக இருந்தால் அரைக்கால் வேலி போதும் என்று ஒரு வாசல் திறக்கிறது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்கக்கூடாது என்ற இடத்தில், இரண்டாவது கல்வெட்டு எந்த எந்த உறவு என்று சித்தி மகன், அத்தை மகன் வரைக்கும் இறங்கி விரிக்கிறது. அந்த இரண்டு வருஷத்தில் யாரோ ஒரு மச்சான், "நான் உறவினர் இல்லையே" என்று உள்ளே நுழையப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்கிறவன் எல்லாக் காலத்திலும் இருக்கிறான்.

ஆனால் 921-இல் வந்தவர்கள் 919-ஐச் செதுக்கி எடுத்துவிடவில்லை. அதே கோயில் சுவரில் இன்னொன்றை வெட்டினார்கள். இனிமேல் இது என்றார்கள். அதனால்தான் என்ன மாறியது என்று ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் நம்மால் ஒப்பிட முடிகிறது. கேசட் மேல் கேசட்.

இங்கிருந்து வண்டியை வேகமாக ஓட்டுகிறேன், மணி நாலே கால்.

கல்லிலிருந்து ஓலைக்கு மாறும் முயற்சி சேகாவின் கறுப்பு கேசட்டுக்கு முன்பே ஜப்பானில் நடந்தது. 1986-இல் நின்டெண்டோ, ஃபேமிகாம் பெட்டிக்கு டிஸ்க் கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. காந்த டிஸ்க் என்பதால் அழித்து எழுதலாம். கடைகளில் ஒரு இயந்திரத்தை நிறுத்தினார்கள். சலித்துப்போன ஆட்டத்தின் டிஸ்கைக் கொண்டுபோய் 500 யென் கொடுத்தால், பழையதை அழித்துப் புதியதை எழுதிக் கொடுப்பார்கள். அந்த அழித்தெழுதும் சேவையை 2003 வரைக்கும் அவர்கள் நிறுத்தவில்லை. விலை மலிவு, ஆனால் பழைய ஆட்டம் போனது போனதுதான்.

அமெரிக்காவில் வேறொரு யோசனை. 1993 டிசம்பர் 10 அன்று வெளியான 'டூம்' ஆட்டத்தில், அடுப்பு வேறு அரிசி வேறு என்று அதன் நிரலாளர் ஜான் கார்மாக் பிரித்துவைத்தார். ஆட்டத்தை இயக்கும் நிரல் ஒரு பக்கம். அறைகள், சுவர்கள், பூதங்கள், சத்தங்கள் எல்லாம் 'வாட்' என்ற தனிக் கோப்பில் இன்னொரு பக்கம். அடுப்பைத் தொடாமல் யார் வேண்டுமானாலும் தங்கள் அரிசியைப் போட்டுப் பொங்கலாம். பொங்கினார்கள். சில மாதங்களில் புதிய கட்டங்களை வரைவதற்கான கருவிகளை ரசிகர்களே எழுதிவிட்டார்கள். 1996-இல் விற்பனைக்கு வந்த 'ஃபைனல் டூம்' தொகுப்பின் ஒரு பாதியை ரசிகர் குழு ஒன்று இலவசமாக வெளியிட வைத்திருந்தது. வெளியிடுவதற்குச் சற்று முன் 'டூம்' நிறுவனமான இட் சாஃப்ட்வேர் விலை பேசி வாங்கிக்கொண்டது. கூடுதல் ஆட்டம் என்பதைக் கம்பெனிக்காரர்கள் மட்டும் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். பாதி வேலையை ஆடியவர்கள்தான் செய்தார்கள்.

நம் நாட்டவர் ஆட்டத்துக்குள் நுழைந்ததும் அந்த வழியில்தான். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' வந்தது 1999-இல். அடுத்த ஆண்டே 'தி காங்கரர்ஸ்' என்ற கூடுதல் தொகுப்பு வந்து ஐந்து புதிய நாகரிகங்களைச் சேர்த்தது. அதிலும் இந்தியா இல்லை. கம்பெனி அத்தோடு விட்டுவிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் ரசிகர்கள் விடவில்லை. அவர்களே ஒரு கூடுதலைத் தயாரித்தார்கள். அதுவே மெருகேறி 2013-இல் 'தி ஃபர்காட்டன்' என்று அதிகாரபூர்வமாக வெளிவந்தது. அதில்தான் 'இந்தியர்கள்' வந்தார்கள், காஷ்மீர் முதல் குமரி வரை ஒரே நாகரிகமாக.

2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற தரவிறக்கத் தொகுப்பு வந்தது. வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்று மூன்று தனி நாகரிகங்கள். திராவிடருக்குச் சுருள்வாள் வீரர்கள், 'திரிசடை' என்ற கப்பல், உருக்கு எஃகு. வேலை சொன்னால் தமிழில் பதில் வருகிறது. கதைத் தொடரின் நாயகன் ராஜேந்திர சோழன். எங்கள் ஊர்க் கல்வெட்டில் இருக்கும் பராந்தகன் அவனுக்கு எள்ளுத்தாத்தா. கணினி முன் உட்கார்ந்து முதல் முறை அந்தப் பெயரைப் பார்த்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தால் எழுந்து நின்றதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

ஒரு சின்ன உறுத்தல். திராவிடர்கள் உள்ளே வந்த அதே நாளில், 2013-இன் 'இந்தியர்கள்' 'ஹிந்துஸ்தானிகள்' என்று பெயர் மாறிவிட்டார்கள். தொகுப்பை வாங்காதவர் கணினியிலும் மாறிவிட்டார்கள். இணையம் வழியாக இரவோடு இரவாகத் திருத்தம் வந்து பழையதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். வரலாற்றுக் கணக்கில் திருத்தம் சரியானதே, எனக்கு வழக்கு இல்லை. ஆனால் முந்தின நாள் வரை அந்த ஆட்டம் எப்படி இருந்தது என்று அக்கா மகனிடம் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. சுவரில் 919 இருக்கிறது. பரணில் 1992 இருக்கிறது. கணினியில் மட்டும் போன மாதம்கூட இல்லை.

ஆகவே என் தீர்ப்பு இது: ஆட்டத்தைக் கூட்டுவதில் தப்பே இல்லை. கூட்டியவன் பழையதையும் விட்டுவைக்க வேண்டும். 1994-இல் சேகா அப்படிச் செய்ததற்கு நல்ல மனசு காரணமல்ல, சிப் இடம் கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். இன்று சிப் இடம் கொடுக்கிறது, அதனால் மனசு வேண்டியிருக்கிறது.

குதிரைக் கவசம்? 2006 ஏப்ரல், 'ஒப்லிவியன்' ஆட்டம், இரண்டரை டாலர், உலகமே சிரித்தது. ஆனால் அதற்கு முன், 1983-இல் அட்டாரி பெட்டியில் டெலிபோன் வயரைச் செருகி ஆட்டத்தை இறக்கிய ஒரு கம்பெனியைப் பற்றிச் சொல்லாமல் குதிரையை வெளியே விட முடியாது. அது திவாலின் விளிம்புக்குப் போய், அதன் மிச்சத்திலிருந்துதான் பிறகு ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் எழுந்தது. அடுத்த வாரம் டெலிபோன். இடம் மிஞ்சினால் குதிரை.

அதற்குள் உங்கள் வீட்டுப் பரணில் கேசட் ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வாயில் ஊதவும் வேண்டாம். எச்சில் ஈரத்தில் செம்பு கறுத்துப்போகும்.