உஷார்! ஐந்து மடங்கு லென்ஸ்

ஐப்பசி மழையில் பனவடலிசத்திரத்துக் கரிசல் நனைந்ததும் வெல்வெட் பூச்சிகள் மண்ணுக்கு மேலே வரும். கேமராவோடு வரப்பில் படுக்கக் காத்திருக்கும் தம்பி, தங்கைகளே, லென்ஸுக்குப் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

“ஐந்து மடங்கு பெரிதாகக் காட்டும்” என்ற பேச்சில் மயங்கி கேனன் எம்பி-ஈ 65, லாவோவா 25 பக்கம் போகாதீர்கள். இரண்டும் அருமையான லென்ஸ்கள்தான், ஆனால் அவற்றின் இடம் ஆய்வக மேஜை. ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. ஐந்து மடங்கில் படத்துக்குள் அடங்குவது வெறும் 7.2 மி.மீ. நன்கு வளர்ந்த வெல்வெட் பூச்சி ஏறக்குறைய ஒரு செ.மீ. இருக்குமே, முழுசாக உள்ளேயே வராது!

அதைவிட மோசம், கூர்மை விழும் ஆழம். எம்பி-ஈ 65-இல் ஐந்து மடங்கு, எஃப் 2.8 வைத்தால் 0.048 மி.மீ.தான். அப்பெர்ச்சரைச் சுருக்கலாமே என்பீர்கள். அந்த உருப்பெருக்கத்தில் எஃப் 2.8 என்பதே எஃப் 16.8 போல வேலை செய்கிறது. இன்னும் சுருக்கினால் படம் மழுங்கிவிடும். ஆகவே ஃபோகஸை இம்மியிம்மியாக நகர்த்திப் பல ஷாட் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் ஸ்டாக்கிங்தான் வழி. அதற்கு நூறு ஷாட் போல வேண்டும். அதுவரை பூச்சி நிற்குமா? காற்றுதான் விடுமா? அசைந்த ஷாட்களை ஹெலிகான் ஃபோகஸ் மென்பொருளில் போட்டுச் சேர்த்தால் ஒரு கால் மூன்று காலாகத் தெரியும்.

இங்கேதான் விபரீதம். பூச்சி அசையாமலிருக்க ‘ஃப்ரிட்ஜில் வை, கோந்து வைத்து ஒட்டு’ என்று யோசனை சொல்ல ஆள் இருக்கிறது. ஒரு படத்துக்காக உயிரை வதைக்காதீர்கள்!

இன்னொன்று: லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் இடைவெளி 4 செ.மீ.தான். கையும் முகமும் தரையோடு கிடக்கும். சுருட்டை விரியன் நடமாடும் காடு இது. முழங்கை ஊன்றுமுன் கம்பால் தட்டிப் பாருங்கள். கடித்துவிட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வயலுக்கு இரண்டு மடங்கு போதும். லாவோவா 100-இல் 18 மி.மீ. அகலம் கிடைக்கும், எஃப் 5.6-இல் ஆழம் கிட்டத்தட்ட 0.3 மி.மீ., பதினைந்து, இருபது ஷாட்டில் வேலை முடியும். காசில்லையென்றால், இருக்கிற டெலி லென்ஸின் முன்னால் ரேனாக்ஸ் டிசிஆர்-250 மாட்டுங்கள். பூச்சியிலிருந்து 12 செ.மீ. தள்ளியே எடுக்கலாம்.

பூச்சி தானாக நிற்கும்போது எடுங்கள். நகர்ந்துவிட்டால், தயவுசெய்து அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.